கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

பக்கவாத அறிகுறிகளோடு ஒருவர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது, செவிலியராக நான் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளும் நேரத்தைப் பற்றியவை. இவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பது முதல் கேள்வி. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவரா, எடுப்பவர் என்றால் கடைசி மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு வீட்டார் எப்படியோ ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டதும் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அப்படி வந்த பெரியவர் ஒருவரை நான் மறக்கவில்லை. எழுபதைக் கடந்தவர். வலக்கை தூக்க முடியாமல் தள்ளுபடுக்கையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்ன கேட்டாலும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உடன் வந்த மகளிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது, தயங்காமல் ஆமாம் என்றார். மருந்துப் பையை வாங்கி மேசையில் கொட்டிப் பார்த்தேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் என்ற மாத்திரையின் அட்டையில் இருந்த பத்தில் நான்கு மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தன. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் ஓர் அட்டை ஐந்து நாட்களில் தீர்ந்திருக்க வேண்டும். ரசீதில் இருந்த தேதியோ இரண்டு வாரத்துக்கு முந்தையது. அட்டையைத் திருப்பிக் காட்டியதும் மகளின் குரல் இறங்கிவிட்டது. “பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வந்துச்சு சிஸ்டர். அப்பா பயந்துபோய் நிறுத்திட்டாங்க. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம்.”

அந்தப் பதில்தான் அன்றைய சிகிச்சையைத் தீர்மானித்தது. மூளை இரத்தக் குழாயை அடைத்திருக்கும் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆனால் அபிக்சபான் போன்ற புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் விழுங்கியவருக்கும், பழைய வகையான வார்ஃபரின் எடுத்து, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.7க்கு மேல் இருப்பவருக்கும், மூளைக்குள் இரத்தம் கசிந்துவிடும் என்ற அச்சத்தால் பொதுவாக அந்த ஊசியைப் போடுவதில்லை. இவர் பத்து நாட்களுக்கு மேல் மாத்திரையைத் தொடவில்லை என்பது உறுதியானதால், ஸ்கேனும் பிற பரிசோதனைகளும் முடிந்தவுடன் ஊசி போட முடிந்தது. மாத்திரையை நிறுத்தியதுதான் பக்கவாதத்தைக் கொண்டுவந்தது என்று ஒரு தனிமனிதரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஈறில் கசிந்த சில சொட்டு இரத்தத்துக்கும் மூளையில் போய் அடைத்த உறைகட்டிக்கும் இடையில், யாரும் கேட்காத, யாரும் சொல்லாத பத்து நாட்கள் இருந்தன. உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கான செவிலியப் பணியில் பெரும்பகுதி அந்த மாதிரியான நாட்களில்தான் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது என்பது என் அனுபவம்.

ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. வலி மாத்திரையை விழுங்கினால் வலி நிற்கிறது. இரத்த அழுத்த மாத்திரையின் பலன் கருவியில் எண்ணாகக் குறைந்து தெரிகிறது. இந்த மாத்திரையின் பலனோ நடக்காமல் போன ஒன்று. நேற்று வராமல் போன பக்கவாதத்தை யாராலும் காட்ட முடியாது. காலையில் எச்சிலோடு வந்த சிவப்பு மட்டும் கண்ணெதிரே நிற்கிறது. இதய மேலறை சீரின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. வார்ஃபரின் அந்த அபாயத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. இந்த எண்களை எத்தனை முறை சொன்னாலும், கைக்குட்டையில் ஒட்டிய ஒரு சிவப்புக் கறையோடு அவற்றால் போட்டியிட முடிவதில்லை.

மருந்தின் பெயரே பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. ‘பிளட் தின்னர்’ என்பதை இரத்தத்தை மெலியச் செய்யும் மருந்து என்று தமிழில் சொல்லிவிடுகிறோம். ‘இரத்தம் தண்ணியாப் போச்சு, அதான் உடம்பெல்லாம் அசதி’ என்று நோயாளி அதைச் சோகையோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார். இரத்தம் இதனால் நீர்த்துப் போவதில்லை. உறைவதற்கு எடுக்கும் நேரம் நீள்கிறது, அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய எண்ணி நான் சில காலம் ‘இரத்தம் கட்டாமல் இருக்கும் மாத்திரை’ என்று சொல்லிப் பார்த்தேன். அதிலும் ஒரு வம்பு வந்தது. தமிழில் இரத்தக்கட்டு என்றால் அடிபட்ட இடத்தில் கன்றிப்போவது. முன்கையில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகக் கன்றியிருந்த ஓர் அம்மாள், “ரத்தக்கட்டு வராம இருக்கத்தானே மாத்திரை கொடுத்தீங்க, இது எதுக்கு வந்துச்சு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. தவறு என் சொல்லில் இருந்தது. அன்றிலிருந்து ‘இதயத்துக்குள் இரத்தம் உறைந்து, அந்தத் துண்டு மூளைக்குப் போய் அடைத்துவிடாமல் தடுக்கும் மாத்திரை’ என்று நீளமாகவே சொல்லிவருகிறேன். நீளம் பரவாயில்லை, பொருள் பிசகாமல் இருக்கிறது.

இதய மேலறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும்போது இரத்தம் உள்ளே தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் பெரும்பாலான உறைகட்டிகள் உருவாகின்றன. அங்கிருந்து கிளம்பும் துண்டுக்கு மூளைக்குப் போகும் வழி நேர்வழி. இந்தப் படத்தை ஒரு தாளில் கோடு கோடாக வரைந்து காட்டினாலே பலருக்கு, ‘எனக்கு நெஞ்சில்தானே கோளாறு, பக்கவாதத்துக்கு எதற்கு மாத்திரை’ என்ற கேள்வி தீர்ந்துவிடுகிறது. ஆஸ்பிரின் போதாதா என்ற கேள்வியும் கூடவே வரும். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பது. தேங்கிய இரத்தத்தில் உருவாகும் உறைகட்டிக்கு அது போதுமான காவல் இல்லை, அதனால் இரைப்பையில் வரும் கசிவோ குறைவில்லை.

வார்ஃபரின் வந்த கதை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் இறந்தன. அந்தப் புல்லில் இருந்த பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. ‘இது எலி மருந்தாமே’ என்று இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்பவரிடம் நான் மறுப்பதில்லை. ஆமாம், அளவு தவறினால் நஞ்சுதான், அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுவேன். மழுப்பினால்தான் சந்தேகம் வளரும்.

அந்த இரத்தப் பரிசோதனையில் செவிலியர் கைக்கு எத்தனை பங்கு உண்டு என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். பணிக்குச் சேர்ந்த முதலாண்டில், நரம்பு கிடைக்காத ஒரு முதியவரிடம் நீல மூடி டியூபில் பாதியளவு இரத்தம் எடுத்து, இது போதும் என்று ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்த டியூபுக்குள் முன்பே இருக்கும் சிட்ரேட் திரவத்துக்கும் இரத்தத்துக்கும் விகிதம் ஒன்றுக்கு ஒன்பது. கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து, இரத்தம் உறைய எடுக்கும் நேரம் உண்மையைவிட நீண்டதாகத் தெரியும். ஐ.என்.ஆர். கூடுதலாக வந்ததைப் பார்த்து அன்றிரவு மருந்தை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் மூத்த செவிலியர் ஒருவர் மீண்டும் சரியாக எடுத்து அனுப்பியபோது அளவு 2.1, அவருக்கு மருந்தை நிறுத்த வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. மூத்தவர் என்னைத் திட்டவில்லை. டியூபின் பக்கவாட்டில் இருந்த கோட்டை விரல் நகத்தால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து ஓடும் குழாயிலிருந்து மாதிரி எடுப்பதும் இதே வகைத் தவறுதான். டியூப் நிரம்பியதும் மூன்று நான்கு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்; இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் இடத்தில் செயற்கை உலோக வால்வு பொருத்தியவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக, பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். வார்ஃபரின் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளே எண் ஏறுவதைப் பார்த்து மருந்து பிடித்துவிட்டது என்று நினைப்பது இளம் செவிலியர்கள் பலருக்கும் உள்ள மயக்கம். வைட்டமின் கே உதவியால் கல்லீரல் செய்யும் உறைவுக் காரணிகளில் ஏழாவது காரணிதான் முதலில், சில மணி நேரங்களில் குறைகிறது. எண்ணை ஏற்றுவது அதுதான். உண்மையான பாதுகாப்பைத் தருவது இரண்டாம் காரணி குறைவது. அதற்கு ஐந்து நாட்கள் அளவில் ஆகும். மருந்தை மாலையில் கொடுப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: காலையில் எடுத்த இரத்தத்தின் முடிவு வந்தபின், அன்றைய அளவை அன்றே மாற்ற முடியும்.

வார்ஃபரினில் இன்னொரு பொறி நிறம். வெவ்வேறு வலிமையை வெவ்வேறு நிறத்தில் செய்கிறார்கள். ஆனால் நிறம் எல்லா நாட்டிலும் ஒன்றில்லை. பிரிட்டனில் நீல மாத்திரை 3 மில்லிகிராம். அமெரிக்காவில் நீலம் 4 மில்லிகிராம். ‘நீலத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று’ என்று சொல்லும் நோயாளியிடம் அட்டையையோ புட்டியையோ வாங்கி மில்லிகிராமைப் படிக்காமல் பதிவேட்டில் எதையும் எழுதக் கூடாது. ‘ஒன்றரை மாத்திரை’ என்று எழுதுவதும் அதே ஆபத்துதான். எதன் ஒன்றரை?

உணவைப் பற்றி ஒரே பேச்சுதான். வைட்டமின் கே மிகுந்த பச்சைக் கீரைகளை வார்ஃபரின் எடுப்பவர் அறவே விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும், மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பயந்து திடீரென்று நிறுத்துவதும், உடம்பைத் தேற்ற நினைத்துத் திடீரென்று கூட்டுவதும்தான் எண்ணை ஆட்டுகின்றன. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து நான்கு நாட்கள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஐ.என்.ஆர். தானாகவே ஏறியிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 2010 முதல் டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான் என்று வரிசையாக வந்த மாத்திரைகள் இந்த எண் விளையாட்டிலிருந்து நோயாளிகளை விடுவித்தன. மூளைக்குள் இரத்தக்கசிவும் வார்ஃபரினைவிட இவற்றில் குறைவு. ஆயினும் ‘டெஸ்ட் தேவையில்லாத மாத்திரை’ என்று நாங்களே சொல்லிச் சொல்லி, கவனமே தேவையில்லாத மாத்திரை என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வார்ஃபரினை ஒருநாள் மறந்தால் அதன் விளைவு சில நாட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய மாத்திரைகளின் வீரியம் அரை நாளிலேயே பாதியாகக் குறையும். ஒருநாள் முழுக்க மறந்தவர் ஏறத்தாழ காவலின்றி இருக்கிறார். இவை எல்லாமே ஏதோ ஓரளவுக்குச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது, முதியவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அதைவிட அடிக்கடியும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்க வேண்டும். அபிக்சபானில் வயது 80ஐத் தொடுவது, எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ் இருப்பது, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் இருப்பது ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் அளவு 5 மில்லிகிராமிலிருந்து 2.5 ஆகக் குறையும். அதனால்தான் எடையைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் தராசில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன். ‘அறுபது இருக்கும் சிஸ்டர்’ என்று சொன்ன பலர் தராசில் ஏறும்போது ஐம்பத்து நான்காக இருப்பார்கள்.

ரிவராக்சபான் 20 மில்லிகிராம் மாத்திரையை உணவோடு எடுக்காவிட்டால் உடலில் முழுதாகச் சேராது. வெறும் வயிற்றில் படுக்கப்போகும் முன் விழுங்குபவர் பணம் கொடுத்து வாங்கிய மருந்தில் ஒரு பகுதியை வீணாக்குகிறார். டாபிகாட்ரான் குப்பியின் மூடியை நன்றாக மூடிவைக்க வேண்டும், ஈரம் பட்டால் கெடும். வாரப் பெட்டிகளில் பிரித்துப் போட்டுவைக்க அது ஏற்றதன்று. அந்த மாத்திரைக்கூட்டை உடைத்து உள்ளிருக்கும் மணிகளை மட்டும் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் மூக்குக் குழாய் போட்டிருப்பவருக்கு மருந்து கொடுக்கும் இரவுப் பணிச் செவிலியர் இதை அறியாவிட்டால் நேரும் விபரீதத்தை விளக்கத் தேவையில்லை. அபிக்சபானையும் ரிவராக்சபானையும் பொடித்து இரைப்பைக்குள் செல்லும் குழாயில் கொடுக்கலாம். குழாயின் நுனி இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் இருந்தால் அளவு சரியாகச் சேராது என்பதால், நுனி எங்கே இருக்கிறது என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இந்தப் புதிய மாத்திரைகள் உதவா. அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான்.

இனி, இரத்தக்கசிவைப் பார்க்கும் வேலை. ‘பார்க்கும் வேலை’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய கசிவு பெரும்பாலும் சத்தமின்றித்தான் தொடங்குகிறது. உள்ளே இரத்தம் குறைந்தால் நாடித்துடிப்பு ஏறும் என்று படித்திருக்கிறோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் பலர் துடிப்பைக் கட்டுப்படுத்த பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள். அவர்களுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் நாடி எழுபத்தைந்திலேயே நின்று நம்மை ஏமாற்றும். நாடி சரியாக இருக்கிறது என்று நிம்மதியடையாமல் கீழ் இமையை இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பார்ப்பதும், எழுந்து உட்காரும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்பதும், நேற்றைய ஹீமோகுளோபினை இன்றையதோடு ஒப்பிடுவதும் பழக்கமாக வேண்டும். இரண்டு கிராம் குறைந்திருந்தால் அது பெருங்கசிவின் கணக்கில் சேரும்.

மலத்தைப் பற்றிக் கேட்பதில் சொல் முக்கியம். ‘மலத்தில் இரத்தம் போகிறதா’ என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். அவர் சிவப்பைத் தேடுகிறார். இரைப்பையில் கசியும் இரத்தம் செரித்து, தார்போலக் கறுத்துப் பிசுபிசுப்பாய், வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு வரும். ‘கறுப்பாக, ஒட்டுகிற மாதிரிப் போகிறதா’ என்று கேட்டால்தான் ‘நாலு நாளா அப்படித்தான்’ என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவருக்கும் கறுப்பாகப் போகும் என்பதால் அதையும் கூடவே விசாரிக்க வேண்டும். காரணமில்லாத இடுப்புவலி, ஒரு பக்கத் தொடைவலி என்று யாராவது சொன்னால் வயதுக்கு வருவதுதான் என்று தள்ளிவிடக் கூடாது. வயிற்றின் பின்புறச் சுவரில் இரத்தம் தேங்குவதும் அப்படித்தான் தொடங்கும். படுக்கையில் இருப்பவருக்கு உடம்பு துடைத்துவிடும் கால்மணி நேரம், என் கணக்கில், எந்தக் கருவியைவிடவும் மேலான பரிசோதனை: முதுகும் விலாவும் பிட்டமும் நம் கண்ணில் படுவது அப்போதுதான்.

வார்டு வேலையில் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. தசையில் போடும் ஊசியை முடிந்தவரை தவிர்க்கிறோம். இரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டு ஓடாமல் ஐந்து நிமிடம் நின்று அழுத்துகிறோம். மென்மையான தூரிகை, மின்சவரம், நழுவாத செருப்பு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

விழுவதைப் பற்றி மட்டும் இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, சிரித்துப் பேசி, ‘ஒன்றுமில்லை’ என்றாலும், உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர் என்றால் அவரை மருத்துவர் பார்த்தாக வேண்டும். மூளையுறைக்கு அடியில் மெல்லக் கசியும் இரத்தம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்துத்தான் தலைவலியாகவோ குழப்பமாகவோ தூக்கமாகவோ வெளிப்படும். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும், பெயர், நாள், இடம் கேட்டு, கண்மணியைப் பார்த்து, கைப்பிடியின் வலுவைச் சோதிக்கும் வேலையை நிறுத்தக் கூடாது. இரண்டாவது, ‘விழுந்துவிடுவார், ஆகவே மாத்திரை வேண்டாம்’ என்று வீட்டாரும் சில சமயம் மருத்துவமனையிலேயே சிலரும் சொல்வது. 1999இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, மூளையுறைக் கசிவின் ஆபத்து வார்ஃபரினின் நன்மையை மிஞ்ச வேண்டுமானால் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 295 முறை விழ வேண்டும். அதை ஒரு தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விழும் அபாயம் இருந்தால் விளக்கையும் கைப்பிடியையும் கண்ணாடியையும் சரிசெய்வது முதலில், மாத்திரையை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது பிறகு என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிற மருந்துகளில் நான் மிகவும் அஞ்சுவது முழங்கால் வலிக்குத் தாமாகவே வாங்கி விழுங்கும் மாத்திரைகளை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், தட்டணுவையும் தடுக்கும்; உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் இரண்டு பக்கமும் இடி. ‘வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள், வலி மாத்திரையை அவர்கள் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘மூட்டு வலிக்கு என்ன போடுகிறீர்கள்’ என்று கேளுங்கள். வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல், ஃபுளூகோனசோல், அமியோடரோன் சேர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சேர்ந்தால் சரியும், அது புதிய மாத்திரைகளையும் விட்டுவைப்பதில்லை. பல் பிடுங்க, கண் அறுவைக்கு, குடல்நோக்கிப் பரிசோதனைக்கு என்று போகும் இடங்களில் நிறுத்தச் சொன்னால், எத்தனை நாள், மீண்டும் எந்த நாள் எந்த வேளை தொடங்குவது என்ற இரண்டையும் எழுதி வாங்கச் சொல்கிறேன். நிறுத்தும் தேதியைச் சொல்பவர்கள் தொடங்கும் தேதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எளிய பல் வேலைகளில் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை.

இவ்வளவையும் வீட்டுக்கு அனுப்பும் நாளில் பத்து நிமிடத்தில் ஒப்பித்து, ‘புரிந்ததா’ என்று கேட்டு, அவர் தலையாட்டியதும் கையெழுத்து வாங்குவதைத்தான் நானும் பல ஆண்டுகள் கல்வி என்று நினைத்திருந்தேன். இப்போது நான் சொல்வதைக் குறைத்துவிட்டேன், கேட்பதைக் கூட்டியிருக்கிறேன். ‘நாளைக்கு ஈறில் இரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்? இரவு மாத்திரையை மறந்துவிட்டு விடியற்காலையில் நினைவு வந்தால்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்கிவிடுவேன் என்ற பதில் எத்தனை முறை வந்திருக்கிறது! மறந்த வேளையை எப்படி ஈடுசெய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும், ஆனால் இரட்டிப்பாக எடுப்பது எதிலும் இல்லை. அழுத்திப் பத்து நிமிடத்தில் நிற்காத மூக்கு இரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், வழக்கத்தில் இல்லாத தலைவலி ஆகியவற்றுக்கு உடனே வர வேண்டும். பல் தேய்க்கையில் வரும் சிறு கசிவுக்குத் தொலைபேசியில் அழைத்தால் போதும், மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. இந்த வேறுபாட்டை அவர் தம் வாயால் சொல்லிக் கேட்ட பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுகிறேன்.

அந்தப் பெரியவருக்கு ஊசி போட்ட பின் 24 மணி நேரம் எந்த உறைவுத் தடுப்பு மருந்தும் கொடுக்கவில்லை. மறு ஸ்கேன் எடுத்து, மூளையில் ஏற்பட்ட சேதத்தின் அளவைப் பார்த்து, சில நாட்கள் கழித்து அபிக்சபானை மீண்டும் தொடங்கினார்கள். பேச்சு ஓரளவு திரும்பியது. வலக்கை முழுதாகத் திரும்பவில்லை. வீட்டுக்குப் போகும் முந்தைய நாள் மாலையில், நாள், காலை, இரவு என்று மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்றை அவரிடம் கொடுத்து, விழுங்கிய நேரத்தை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும் என்றேன். மகள் பேனாவை வாங்கப் போனார், அவர் தரவில்லை. ஈறில் மறுபடியும் இரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன். சொற்களைத் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல், “போன் பண்ணுவேன். நிறுத்த மாட்டேன்” என்றார். பிறகு இரவு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, பழக்கமில்லாத இடக்கையால் இரவுக் கட்டத்தில் 8.05 என்று கோணலாக எழுதினார்.